மாங்குரோவ் தீவுகளுக்குள்ள டப்பா தேடி ஒரு கயாக் பயணம்: வாசகர் கேள்வி பதில்

ஃப்ளோரிடாவோட மாங்குரோவ் (அலையாத்திக் காடு) தீவுகளுக்கு நடுவுல கயாக்ங்கிற சின்ன துடுப்புப் படகு ஓட்டிக்கிட்டே ஜியோகேச் தேடுறதைப் பத்தி, அதாவது யாரோ ஒளிச்சு வச்சு இடக்குறியை இணையத்துல போட்ட டப்பாவை ஜிபிஎஸ் வச்சுத் தேடுறதைப் பத்தி போன இதழ்ல ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன், சிலதுக்கு பதில் ரொம்ப நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கோங்க, ஏன்னா அந்த விஷயங்களை அரைகுறையா சொன்னா யாராவது தண்ணியில மாட்டிப்பாங்க.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): ஜியோகேச்சிங்னா புதையல் வேட்டைன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த டப்பாக்குள்ள அப்படி என்னதான் இருக்கும் அக்கா?

பணமோ நகையோ இருக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன். தண்ணி புகாத ஒரு டப்பா, உள்ள ஒரு சின்ன நோட்டு, அதுக்குப் பேரு லாக்புக். கண்டுபிடிச்சவங்க அதுல பேரும் தேதியும் எழுதிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே அதே இடத்துல திரும்ப வச்சிட்டு வரணும், அப்புறம் ஜியோகேச்சிங் ஆப்ல போய் கிடைச்சதுன்னு பதிவு பண்ணணும். பெரிய டப்பாவா இருந்தா சின்ன பொம்மை, வெளிநாட்டு நாணயம், சாவிக்கொத்துன்னு ஏதாவது கிடக்கும், ஒண்ணு எடுத்தா அதுக்கு சமமா ஒண்ணு வைக்கணும். சாப்பாட்டு சாமான் மட்டும் வைக்கவே கூடாது, வாசனை பிடிச்சிட்டு ரக்கூன் வந்து டப்பாவைக் கடிச்சே பிரிச்சிடும்.

இந்த விளையாட்டு பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2000-ம் வருஷம் வரைக்கும் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே ஒரு பிழையைக் கலந்து விட்டுட்டு இருந்தாங்க, நூறு மீட்டர் வரைக்கும் தள்ளித்தள்ளிக் காட்டும். அந்த வருஷம் மே 2-ம் தேதி அதை நிறுத்துனாங்க, நிறுத்துன மறுநாளே மே 3-ம் தேதி ஓரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்ங்கிறவர் ஒரு பக்கெட்டுல கொஞ்சம் சாமான் போட்டு காட்டு ஓரமா வச்சிட்டு, அது இருக்கிற அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போட்டுட்டார், யாராவது போய் எடுங்கப்பான்னு. சில நாள்லயே ஆளுங்க தேடிப்போய் எடுத்துட்டாங்க. அதே செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் டாட் காம் ஆரம்பிச்சார், இன்னைக்கு உலகம் பூரா லட்சக்கணக்குல டப்பா இருக்கு.

ஒவ்வொரு டப்பாவுக்கும் ரெண்டு மார்க் கொடுத்திருப்பாங்க, தேடுறது எவ்வளவு கஷ்டம்னு ஒண்ணு, போய்ச் சேர்ற வழி எவ்வளவு கஷ்டம்னு இன்னொண்ணு, ரெண்டுமே 1-லேருந்து 5 வரைக்கும். படகு இல்லாம போகவே முடியாத இடம்னா வழிக்கு 5 கொடுப்பாங்க. நான் எழுதுறதெல்லாம் இந்த அஞ்சு மார்க் டப்பாக்களைப் பத்திதான்.

கேள்வி (ஆர்லாண்டோவுல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர்): ரெண்டு பேரு உட்கார்ற கயாக் வாங்கியாச்சு, மாங்குரோவ் பக்கம் போனதே இல்ல. நேரா டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் போயிடலாமா?

வேண்டாம் தம்பி, அதை ரெண்டாவது வருஷத்துக்கு வச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு மணி நேர தூரத்துலயே கோகோ பீச் இருக்கு, அங்க பனானா ரிவர் லகூன்ங்கிற கடலோரக் காயல்ல தவுசண்ட் ஐலண்ட்ஸ்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு. பேரு கேட்டா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், தண்ணி சுத்தமா வேற. கோகோ பீச் பக்கம் இந்தியன் ரிவர் லகூனோட ஒரு பகுதி, அந்த லகூன் மொத்தமா 156 மைல் நீளம், சராசரி ஆழம் நாலடிதான், கடலோட சேர்ற வாய் ரொம்ப தூரத்துல இருக்கிறதால அங்க ஏத்தம் வத்தம்னு, அதாவது கடல் தண்ணி ஏறி இறங்குறதுன்னு, ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் தண்ணி கொஞ்சம் ஒதுங்கும், அவ்வளவுதான். வழி தவறினாலும் ஏதாவது ஒரு வாய்க்கால்ல போனா வீடுகளோட கொல்லைப்புறம் தெரிஞ்சிடும். அந்தத் தீவுகளுக்கு நடுவுல சில வாய்க்கால் நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும், அது இயற்கை இல்ல, ரொம்ப வருஷம் முன்னாடி கொசுவை ஒழிக்கிறதுக்காக வெட்டி விட்டது.

டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் தென்மேற்கு மூலையில எவர்கிளேட்ஸ் சிட்டி, சோக்கோலஸ்கீ பக்கம் இருக்கு. நிஜமா எண்ணினா தீவு நூத்துக்கணக்குலதான் இருக்கும், ஆனா உள்ள போனவங்களுக்கு பத்தாயிரம்னுதான் தோணும், ஏன்னா ஒவ்வொண்ணும் ஒரே உயரம் ஒரே பச்சை, நீங்க நுழைஞ்ச இடைவெளி பத்து துடுப்பு போட்டதும் பின்னால மூடிக்கிட்ட மாதிரி ஆயிடும். போன் சிக்னல் கிடையாது, குடிக்கத் தண்ணி கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவு எடுத்துட்டுப் போகச் சொல்லி பார்க் ஆளுங்களே சொல்றாங்க. இன்னொண்ணு, அந்தப் பக்கம் பாதி எவர்கிளேட்ஸ் நேஷனல் பார்க், இன்னொரு பாதி வனவிலங்கு சரணாலயம், அதுக்குள்ள எல்லாம் டப்பா வைக்கப் பொதுவா அனுமதி இல்ல. டப்பாவே இல்லாத வகை உண்டு, எர்த்கேச்னு பேரு, அங்க போய் மண்ணையோ பாறையையோ தண்ணியையோ பார்த்து கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பணும். அனுமதி கிடைச்ச நேஷனல் பார்க்குல எல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருக்கும், போறதுக்கு முன்னாடி மேப்ல எது எந்த எல்லைக்குள்ள வருதுன்னு பாருங்க.

மாசம் நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது. வெயில் காலத்துல கொசு ஒரு பக்கம், அதைவிட மோசம் மதியத்துக்கு மேல வர்ற இடி மின்னல், திறந்த தண்ணியில உங்க தலைதான் உசரமான பொருள். கோடையில போறதா இருந்தா விடியும்போது இறங்கி 11 மணிக்குள்ள கரையேறிடுங்க.

கேள்வி (டாம்பா வாசகி): டைடு டேபிள் பார்த்து, ஏத்தம் இருக்கிற நேரம்னு போட்டிருந்ததால தைரியமா போனோம், ஆனாலும் திரும்பி வர்ற வழியில கால் முழம் தண்ணி கூட இல்ல, சேத்துல உட்கார்ந்துட்டோம். டேபிள் தப்பா?

டேபிள் தப்பு இல்லங்க, அது வேற இடத்தோட கணக்கு. இந்த விளையாட்டுல முக்கால்வாசி வேலை ஜிபிஎஸ் பார்க்கிறதுல இல்ல, தண்ணி எப்ப எங்க எவ்வளவு இருக்கும்னு தெரிஞ்சுக்கிறதுலதான் இருக்கு, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் விஷயம், அட்டவணையில இருக்கிற நேரம் ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷனுக்கு, அது பெரும்பாலும் கடலோரத்துலயோ முகத்துவாரத்துலயோ இருக்கும். தண்ணி அங்கேருந்து தீவுகளுக்கு நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு உள்ள புகுந்து பின்னாடி இருக்கிற விரிகுடாவுக்கு வந்து சேர நேரம் ஆகும், சில இடத்துல மணிக்கணக்குல தாமதம் ஆகும். அப்போ வாயில வத்தம் ஆரம்பிச்ச பிறகும் உள்ள ஏறிட்டே இருக்கும், அதே மாதிரி நீங்க உள்ள இருக்கும்போது இன்னும் தண்ணி நிறைய இருக்கேன்னு நிம்மதியா டப்பா தேடிட்டு வாய்க்கு வந்தா அங்க மேடு தெரிஞ்சிட்டு இருக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். முடிஞ்ச வரைக்கும் நீங்க போற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டேஷனைத் தேடி எடுங்க.

ரெண்டாவது காத்து. அட்டவணை சந்திரனையும் சூரியனையும் வச்சு போட்டது, காத்தை அதுக்குத் தெரியாது. குளிர்காலத்துல வடக்கேயிருந்து குளிர்காத்து இறங்கும்போது ஃப்ளோரிடாவோட மேற்குக் கரையில வடக்கும் கிழக்குமா ரெண்டு மூணு நாள் விடாம அடிக்கும், அது விரிகுடாத் தண்ணியை கடல் பக்கம் தள்ளிட்டே இருக்கும். அந்த நாள்ல ஏத்தம்னு போட்டிருந்தாலும் வழக்கமான வத்தம் அளவுதான் தண்ணி இருக்கும், வத்தம்னு போட்டிருந்தா சுத்தமா சேறுதான். இந்த மாதிரி காத்து அடிச்சா நான் போறதே இல்ல.

மூணாவது நிலா. அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் அதிகம் வத்தமும் அதிகம், நம்ம ஊர் கடலோரத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம்தான். கயாக்குக்கு அஞ்சாறு அங்குலத் தண்ணி போதும்னாலும் அமாவாசை வத்தத்துல அந்த அஞ்சாறு அங்குலமும் இருக்காது. இந்தக் கணக்கெல்லாம் வச்சு எனக்குன்னு ஒரு ஒழுங்கு வச்சிருக்கேன், தண்ணி ஏறிட்டு இருக்கும்போது உள்ள போறது, உச்சத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே தேடி முடிக்கிறது, இறங்க ஆரம்பிச்சதுமே அந்த ஓட்டத்தோட வெளிய வர்றது. ஏறுற தண்ணியில தரை தட்டினா பத்து நிமிஷம் பொறுத்தா தூக்கி விட்டுடும், இறங்குற தண்ணியில தட்டினா ஆறு மணி நேரம் வெயில்ல உட்கார வேண்டியதுதான்.

அப்படி உட்கார்ந்துட்டா தயவு செஞ்சு இறங்கி இழுக்கலாம்னு காலை வைக்காதீங்க. மாங்குரோவ் சேறு முழங்கால் தாண்டி இறங்கும், செருப்பைப் பிடுங்கிக்கும், அதுக்குள்ள சிப்பி ஓடு பிளேடு மாதிரி நிக்கும். சூடான உப்புத் தண்ணியில இருக்கிற ஒரு வகை பாக்டீரியா, விப்ரியோன்னு சொல்வாங்க, வெட்டுக்காயம் வழியா உள்ள போனா உயிருக்கே ஆபத்து ஆகலாம், கல்லீரல் பிரச்சனை இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். காயம் பட்டா உடனே நல்ல தண்ணி ஊத்தி சோப்பு போட்டு கழுவுங்க, செவந்து வீங்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. மணல் தரையா கெட்டியா இருந்து இறங்கியே ஆகணும்னா காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, மண்ணுக்குள்ள படுத்திருக்கிற திருக்கை சத்தம் கேட்டு ஒதுங்கிடும்.

கேள்வி (ஃபோர்ட் மையர்ஸ் வாசகர்): ஜிபிஎஸ் மூணு மீட்டர்னு காட்டுது, சுத்தி வேர்தான் இருக்கு, டப்பாவைக் காணோம். எப்படித் தேடணும்?

முதல்ல நம்பரைப் புரிஞ்சுக்கோங்க. ஜியோகேச் இடக்குறி டிகிரி, நிமிஷம், நிமிஷத்துக்கு மூணு தசமம்னு எழுதுவாங்க, கடைசி இலக்கம் ஒண்ணு மாறினா வடக்கு தெற்குல 1.85 மீட்டர் நகரும். வச்சவரோட கருவி நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டியிருக்கும், உங்களுதும் அவ்வளவு தள்ளும், மேல இலை அடர்த்தியா இருந்தா ரெண்டுமே இன்னும் தள்ளும். அதனால மூணு மீட்டர்னு காட்டினா சுத்துவட்டாரத்துல பத்து மீட்டருக்குள்ள எங்க வேணா இருக்கலாம். அந்த நேரத்துல திரையைப் பார்க்கிறதை நிறுத்திட்டு மரத்தைப் பாருங்க.

சிவப்பு மாங்குரோவ் எது, கருப்பு எது, வெள்ளை எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. தண்ணி ஓரத்துல வளைவு வளைவா வேர் ஊனி நிக்கிறது சிவப்பு. அதுக்குப் பின்னாடி கொஞ்சம் மேடா இருக்கிற இடத்துல, தரையிலேருந்து பென்சில் பென்சிலா மூச்சு வேர் நீட்டிட்டு இருக்கிறது கருப்பு, அதோட இலையை நக்கிப் பார்த்தா உப்பு கரிக்கும். இன்னும் மேட்டுல வெள்ளை. டப்பா வைக்கிறவர் தண்ணி தொடாத இடமாத்தான் பார்த்து வைப்பார். சிவப்பு மாங்குரோவ் வேர்ல சிப்பி ஒட்டியிருக்கும், அதுக்கு மேல தண்ணிக் கறை ஒண்ணு படிஞ்சிருக்கும், அந்தக் கறைக்குக் கீழ தேடுறது வீண். கயாக்ல உட்கார்ந்தபடியே கை எட்டுற உயரத்துல, கிளை கவட்டையில, பச்சையா பெயிண்ட் அடிச்ச டப்பா கயித்துல கட்டித் தொங்கும், பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும். காட்டுல நேர்கோடு கிடையாது, அதனால நேரா ஏதாவது தெரிஞ்சா, கயிறோ மூடியோட விளிம்போ, அங்க கண்ணை நிறுத்துங்க. ஆப்ல குறிப்பு ஒண்ணு எழுத்து மாத்திப் போட்டிருப்பாங்க, அதைத் தட்டினா படிக்கலாம், வெக்கப்படாம படிச்சிடுங்க. கடைசியா வந்தவங்க எழுதினதையும் படிங்க, வரிசையா மூணு பேரு கிடைக்கலைன்னு போட்டிருந்தா டப்பா போயிடுச்சுன்னு அர்த்தம், அதுக்காக அந்தக் கிளையை எல்லாம் விலக்கிட்டு இருக்க வேண்டாம்.

தண்ணி ஓட்டம் இருந்தா ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா வந்து நில்லுங்க, மெதுவா துடுப்பு போட்டுட்டே ஒரே இடத்துல நிக்க முடியும். ஓட்டத்தோட வந்தா நேரா வேருக்குள்ள சொருகிட்டு கயாக் குறுக்கால திரும்பி சாய்ஞ்சிடும், அந்த மாதிரி கவிழ்றதுதான் அதிகம். கையை விடுறதுக்கு முன்னாடி துடுப்பால இலையை லேசா தட்டிப் பாருங்க, குளவிக் கூடு இருக்கும். பெரிய மஞ்சள் சிலந்தி வலை குறுக்கால கட்டியிருந்தா அது ஒண்ணும் பண்ணாது, குனிஞ்சு போயிடுங்க, வலையை அறுக்க வேண்டாம்.

கேள்வி (மயாமி வாசகர்): போன் போதுமா, தனியா ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா?

கோகோ பீச் மாதிரி இடத்துக்கு தண்ணி புகாத உறையில போட்ட போன் போதும், மேப்பை முதல் நாளே வீட்டு வைஃபைல இறக்கி வச்சுக்கோங்க. ஆனா உப்புத் தண்ணி பட்ட விரலுக்கு டச் ஸ்க்ரீன் சரியா வேலை செய்யாது, வெயில்ல சூடாகி அணைஞ்சும் போகும். தூரமா போறீங்கன்னா பட்டன் வச்ச கையடக்கக் கருவி வாங்குங்க, கழட்டி மாத்துற பேட்டரி போடுற மாதிரி பார்த்து வாங்குங்க. கயாக்கை இறக்கின இடத்தை அதுல குறிச்சு வச்சுட்டுத்தான் துடுப்பையே எடுக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்கிற பழக்கமும் வேணும், போகும்போது தெரியற தீவும் வரும்போது தெரியற தீவும் ஒண்ணு இல்ல.

கேள்வி (ஜாக்சன்வில் வாசகி): அஞ்சு வயசுப் பையன், ஒன்பது வயசுப் பொண்ணு. எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. போலாமா அக்கா?

போலாம், லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் போட்டே இருக்கணும், பக்கத்துல வச்சிருந்தா போதாது. சட்டப்படி ஃப்ளோரிடாவுல 26 அடிக்குக் கம்மியான படகு ஓடும்போது ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தை ஜாக்கெட் போட்டே ஆகணும், பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு படகுல இருந்தா போதும்னு சட்டம் சொல்லும், நான் அதை ஏத்துக்க மாட்டேன், நீச்சல் தெரிஞ்சவங்களும் போட்டுக்கங்க. ஆளுக்கு ஒரு விசில் கழுத்துல தொங்கட்டும். நாலடித் தண்ணிதானேன்னு நினைக்கக்கூடாது, அடியில சேறு, காலை ஊன முடியாது.

உங்க வீட்டுக்காரரை முதல்ல இடுப்பளவு சுத்தமான தண்ணியில, நீச்சல் குளமோ ஏரியோ, கயாக்கை வேணும்னே கவிழ்த்துட்டு மறுபடி ஏறிப் பழகச் சொல்லுங்க. மேல உட்கார்ற மாதிரி திறந்த கயாக் எடுத்தா ஏறுறது சுலபம். குழந்தைங்களுக்கு ஒரு மணி நேரத்துல போய்ட்டு வர்ற டப்பாவா ஒண்ணே ஒண்ணு வையுங்க, பெரிய டப்பாவா பாருங்க, சின்ன டப்பாவுல லாக்புக் மட்டும்தான் இருக்கும், பசங்க ஏமாந்து போவாங்க. அந்த ஒரு டப்பாவைப் பையனே கண்டுபிடிக்கட்டும், உங்க கண்ணுல முதல்ல பட்டாலும் சொல்லாதீங்க.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): முதலை இருக்குமே?

இருக்கும். தென் ஃப்ளோரிடாவுலதான் அலிகேட்டரும் நிஜ முதலையும் ஒரே ஊர்ல சேர்ந்து வாழுது, அலிகேட்டருக்கு நல்ல தண்ணி பிடிக்கும், முதலைக்கு உப்புத் தண்ணி. அந்த அமெரிக்க முதலை ரொம்பக் கூச்ச சுபாவம், கயாக்கைப் பார்த்தா நழுவிடும். கரையோரத் தண்ணியில கையைத் தொங்கப் போடாதீங்க, நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க, யாராவது சாப்பாடு போட்டுப் பழக்கியிருக்கிற இடத்துல இறங்காதீங்க. எனக்கு முதலையைவிட வெயிலும் மின்னலும்தான் பயம்.

கேள்வி (சென்னை வாசகி): கோபமா கேக்கிறேன்னு நினைக்காதீங்க. அழகான ஒரு காட்டுல பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்க விட்டுட்டு அதுக்கு விளையாட்டுன்னு பேரு வைக்கிறது குப்பை போடுறது இல்லையா?

நியாயமான கேள்விங்க, இதுக்குப் பதில் சொல்லாம இந்த விளையாட்டைப் பத்தி எழுதுறதுக்கு எனக்குத் தகுதி இல்ல.

பார்த்துக்கிற ஆள் இருக்கிற வரைக்கும் அது டப்பா, ஆள் விட்டுட்டுப் போன அன்னைக்கு அது குப்பை, இதுதான் என் கருத்து. விதியும் அதைத்தான் சொல்லுது, வச்சவரே போய்ப் பார்த்து சரி பண்ணணும், முடியலைன்னா எடுத்துடணும். மரத்துல ஆணி அடிக்கக்கூடாது, மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, இடத்துக்குப் பொறுப்பானவங்க அனுமதி இல்லாம வைக்கக்கூடாது. ஆனா தண்ணிக்கு நடுவுல வச்சவங்க பல பேரு ஒரு தடவை வச்சிட்டு மறந்துடறாங்க, அதை நான் மறுக்கல. ஜூன் 1-லேருந்து நவம்பர் 30 வரைக்கும் அங்க புயல் சீசன். 2022 செப்டம்பர் 28-ம் தேதி இயன் புயல் கேயோ கோஸ்டா தீவுலதான் கரையேறுச்சு, பைன் ஐலண்ட் பக்கம் பாலமே போச்சு, அந்த மாதிரி அடிக்கும்போது ஒரு டப்பா எம்மாத்திரம், நேரா கடலுக்குத்தான் போகும். அதனால தீவுல டப்பா வச்சிருக்கிறவங்க புயல் எச்சரிக்கை வந்ததும் போய் எடுத்துட்டு வர்றதுதான் முறை, எடுக்க முடியாத தூரத்துல வைக்கவே கூடாது.

டப்பாவைவிட எனக்குக் கவலை, டப்பா தேடி வர்றவங்க பண்ற சேதம். தண்ணி கம்மியான இடத்துல மோட்டார் படகு போனா அதுக்கு அடியில சுத்துற விசிறி கடல்புல்லை வரிவரியா அறுத்துட்டுப் போகும், அந்தத் தழும்பு ஆற வருஷக்கணக்கு ஆகும். இந்தியன் ரிவர் லகூன்ல அழுக்கு சேர்ந்து பாசி பெருகி, வெளிச்சம் போகாம கடல்புல் அழிஞ்சு, அதைத் தின்னு வாழ்ற மேனட்டீங்கிற கடற்பசு பட்டினியில செத்துது. 2021-ல மட்டும் ஃப்ளோரிடா முழுக்க சுமார் 1,100 மேனட்டீ செத்துப்போச்சு, அதுல பெரும் பங்கு அந்த லகூன் பக்கம்தான். அந்தத் தண்ணியில இருக்கிற ஒவ்வொரு புல்லும் எனக்கு முக்கியம். கயாக்ல போறவங்க இதுல கொஞ்சம் புண்ணியவான்கள்தான், ஆனாலும் துடுப்பை அடியில ஊனித் தள்ளாம, மேனட்டீ பக்கத்துல வந்தா துரத்தாம தொடாம தண்ணி ஊத்தாம இருக்கணும், அது சட்டப்படியும் குத்தம்.

அப்புறம் பறவைத் தீவு. இதே லகூன்ல பெலிகன் ஐலண்ட்னு ஒரு குட்டி மாங்குரோவ் தீவு இருக்கு, தொப்பியில சொருகுற இறகுக்காக ஆளுங்க பறவைகளைச் சுட்டுத் தள்ளிட்டு இருந்த காலத்துல 1903-ல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாக்கப்பட்ட இடம்னு அறிவிச்சார், அமெரிக்காவோட முதல் தேசிய வனவிலங்கு சரணாலயமே அதுதான். அப்புறம் அந்தத் தீவு அரிப்புல சுருங்கிப்போய், சுத்தி சிப்பி ஓடு கொட்டி மாங்குரோவ் நட்டுத்தான் காப்பாத்தினாங்க. கூடு கட்டியிருக்கிற தீவுலேருந்து முந்நூறு அடியாவது தள்ளி இருங்க. தாய்ப்பறவை ஒரு தடவை பயந்து எழும்பினா போதும், வெயில்லயே முட்டை வெந்துடும், காக்கா வந்து குஞ்சைத் தூக்கிடும். டப்பா அந்தத் தீவு பக்கம்தான் காட்டுதுன்னா குஞ்சு பொரிக்கிற மாசம் முடியற வரைக்கும் விட்டுடுங்க, அப்படியே வச்சவருக்கும் ஆப்ல ஒரு வரி எழுதிடுங்க.

கேள்வி (நேப்பிள்ஸ் வாசகர்): நானே ஒண்ணு வைக்கணும்னு ஆசை. எப்படி?

மேல சொன்னதெல்லாம் ஒத்துக்கிட்டீங்கன்னா வையுங்க. அது யாரோட நிலம்னு முதல்ல கண்டுபிடிங்க, கவுண்டியா (நம்ம மாவட்டம் மாதிரி), மாநிலப் பூங்காவா, தனியாரா. மாநிலப் பூங்கான்னா மேனேஜர்கிட்ட அனுமதி கேக்கணும், கேட்டா நிறைய பேரு சந்தோஷமா இடம் காட்டுவாங்க. பக்கத்து டப்பாவுலேருந்து 161 மீட்டர் தள்ளி இருக்கணும். பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி காட்டுல அருமையா இருக்கும், உப்புக் காத்துல துருப்பிடிச்சிடும், நாலு பக்கமும் பூட்டுற சாப்பாட்டு டப்பா நல்ல பிராண்டா வாங்குங்க. கிளையை வெட்டி இடம் பண்ணாதீங்க, மாங்குரோவ் கிளையை வெட்டுறதுக்கு ஃப்ளோரிடாவுல 1996-லேருந்து தனிச் சட்டமே இருக்கு. வத்தத்துலயும் கயாக்லேருந்து இறங்காம எடுக்கிற மாதிரி, கெட்டி மணலோ சிப்பி மேடோ இருக்கிற ஓரமா தேர்ந்தெடுத்தா வர்றவங்க வேரை மிதிக்க மாட்டாங்க. பழங்குடி கலூசா மக்கள் குவிச்ச சிப்பி மேடுகள் உங்க பக்கம் நிறைய உண்டு, அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம், அதுமேல மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சிதம்பரத்துலேருந்து ஒரு கல்லூரி மாணவர்): எங்க பிச்சாவரத்துல இதைப் பண்ண முடியாதா?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். வெள்ளாறு ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவுல சுரபுன்னையும் வெண்கண்டலும் நிக்கிற உங்க அலையாத்திக் காடு உலகத்துல எந்த மாங்குரோவுக்கும் சளைச்சது இல்ல, 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. 2004 சுனாமி அன்னைக்கு அந்த மரங்கள் பின்னாடி இருந்த ஊர்களுக்கு எப்படி அரணா நின்னுதுன்னு உங்க ஊர்ப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க.

ஆனா அது வனத்துறைக்குச் சொந்தமான காடு, எழுத்துல அனுமதி இல்லாம உள்ள டப்பா வைக்காதீங்க, சொந்தக் கயாக்ல தனியா நுழையவும் வேண்டாம். டப்பா இல்லாத வகையை யோசிங்க. சுற்றுலாத் துறையோட துடுப்புப் படகுல போற வழியிலேருந்தே பதில் சொல்ற மாதிரி, சேறு எந்தப் பக்கம் அதிகமா படிஞ்சிருக்கு, ஏத்தக் கறை எவ்வளவு உசரத்துல இருக்குன்னு கேள்வி தயார் பண்ணி, வனத்துறை சம்மதத்தோட ஒரு எர்த்கேச் பதிவு பண்ணலாம். படகு ஓட்டுற அண்ணன்கிட்ட கேட்டாலே உங்களுக்குப் பத்து கேள்வி கிடைச்சிடும், அவங்க அளவுக்கு அந்த வாய்க்கால் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஆத்துல வெள்ளம் வரும், அப்ப வேண்டாம்.

ரெண்டு எச்சரிக்கை. உங்க ஊருக்கே பேரு கொடுத்த தில்லை மரம் அங்க இருக்கு, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, தோல்ல பட்டா கொப்பளம். ஃப்ளோரிடா கடலோரத்துல மேன்சினீல்னு ஒரு விஷ மரம் உண்டு, மழைக்கு அதுக்குக் கீழ ஒதுங்கினாலே தோல் வெந்துடும், ரெண்டும் ஆமணக்குக் குடும்பம்தான். எந்த ஊர் மாங்குரோவா இருந்தாலும் பால் வடியற கிளையைத் தொடாதீங்க. இன்னொண்ணு, வெளிநாட்டுலேருந்து ஊருக்கு வர்ற வாசகர்களுக்கு: சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவியையும் சேட்டிலைட் போனையும் அனுமதி இல்லாம இந்தியாவுக்குள்ள கொண்டு வரக்கூடாது, ஏர்போர்ட்லயே பிடிச்சிடுவாங்க, கைது வரைக்கும் போயிருக்கு. அமெரிக்கத் தண்ணியில உயிர் காக்கிற கருவிதான், இங்க வரும்போது வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

கேள்வி (சரசோட்டா வாசகி): டப்பா கிடைச்சுது, திறந்தா லாக்புக் பூரா ஈரம், எழுத முடியல. என்ன செய்யறது?

கயாக்ல எப்பவும் ஒரு சின்ன பொட்டலம் வச்சுக்கோங்க, அதுல நாலு துண்டுக் காகிதம், ஜிப் போட்ட பை ரெண்டு, ஒரு பென்சில், பழைய துணி ஒண்ணு. பேனா ஈரக் காகிதத்துல எழுதாது, பென்சில் எழுதும். டப்பாவைத் துடைச்சு, புதுக் காகிதத்துல உங்க பேரும் தேதியும் போட்டு பைக்குள்ள வச்சு, பழைய நோட்டையும் தூக்கிப் போடாம அதோடயே வச்சிடுங்க, அதுல முன்னாடி வந்தவங்க பேரு இருக்கு. மூடுற இடத்துல மணல் ஒட்டியிருந்தா அதுவழியாத்தான் தண்ணி போயிருக்கும், விரலால சுத்தித் துடைச்சிட்டு நாலு பக்கமும் டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. அப்புறம் ஆப்ல கிடைச்சதுன்னு போடும்போதே பராமரிப்பு தேவைன்னும் சேர்த்துப் போட்டுடுங்க, வச்சவருக்குத் தகவல் போயிடும்.